மார்ச் கடைசி: வீட்டு நோட்டும் மாவு நோட்டும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. மேசை முழுக்கப் பில்தான். மார்ச் கடைசி வாரம் அல்லவா? ஜனவரி 1 அன்று டைரி வாங்குகிறோம், சித்திரை 1 அன்று பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்கு எழுதுகிறோம். வரி போடுகிறவர்களுக்கு மட்டும் மார்ச் 31தான் ஆண்டுக் கடைசி. அதனால் ஒரே உட்காரலில் வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேமராவில் நோட்டு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், நானே படித்துச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு: ஈரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு நாளைக்கு சுமார் 40 கிலோ.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் வீட்டில்தான் கை வைப்பார்கள். கேபிளை நிறுத்து, வெளியே சாப்பிடுவதை நிறுத்து என்று. வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கு அது சரிப்படாது. எந்தச் செலவு வீட்டுடையது, எந்தச் செலவு தொழிலுடையது என்று பிரிக்காமல் எதைக் குறைப்பது? எங்கள் ஸ்கூட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மாவு போகிறது, பிறகு பாப்பா பள்ளிக்குப் போகிறாள், சாயங்காலம் காலி டிரே திரும்பி வருகிறது. பெட்ரோல் முழுவதையும் வீட்டுக் கணக்கில் எழுதினால் வீடு ஊதாரியாகத் தெரியும், தொழில் கொழிப்பதாகத் தெரியும். கேன் தண்ணீர், போன் ரீசார்ஜ், பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் இதே கதைதான். மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டர் குறிக்கச் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம், மனசாட்சிப்படி முக்கால், கால் என்று பிரித்தால் போதும்.

இப்போது மாவு நோட்டு. 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உருட்டு உளுந்து. நான் வாங்குகிற விலையில் அரிசி 176 ரூபாய், உளுந்து 125, வெந்தயம் உப்பு ஒரு 9. ஆக 310. இதில் 12 கிலோ மாவு வரும். கிலோவுக்கு 26 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, 26 என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ போடுகிற கவர் 2 ரூபாய். நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லை; பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் அது கட்டாயம். அதனால் கவர் வாங்கும்போது கொடுக்கிற 18 சதவீதம் திரும்பக் கிடைக்காது, அதுவும் அந்த 2 ரூபாய்க்குள் அடக்கம். மொத்தம் 28. கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறேன். கிலோவுக்கு 12 ரூபாய் நிற்கிறது. மாதம் 1,200 கிலோ என்றால் 14,400. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். அரைக்கிற அறைக்குத் தனிக் கடை மீட்டர், அதில் இலவச யூனிட் எதுவும் கிடையாது. கிரைண்டரைவிட இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற, மாவு வைக்கிற கூலர்தான் கரண்டைக் குடிக்கிறது. மாதத்துக்கு 1,500 வருகிறது. பெட்ரோலில் தொழில் பங்கு 2,200. தண்ணீர் 600. சாயங்காலம் கவர் போட வருகிற அக்காவுக்கு 4,000. அப்புறம் புளித்துத் திரும்பி வருகிற கவர். மாதம் 50 கவர் என்றால் கையை விட்டுப் போவது 2,000. கூட்டினால் 10,300. மிச்சம் 4,100 ரூபாய்.

அதாவது, சாயங்காலம் இரண்டு மணி நேரம் வருகிற அக்காவுக்கு 4,000. விடியற்காலை நாலு மணிக்கு அரிசி கழுவ எழுந்திருக்கிற எனக்கு 4,100. இதில் கிரைண்டர் கல் கொத்துகிறவருக்குக் கொடுத்தது, வருடத்துக்கு ஒரு முறை எலக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை வைத்தது, ஆயுத பூஜைக்கு அக்காவுக்குக் கொடுத்த புடவை எதுவும் இன்னும் சேரவில்லை. மாதக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் இவை படவே படாது. மார்ச்சில் உட்காருவதே இதற்காகத்தான். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற செலவை எல்லாம் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதா மாதம் எடுத்து வைக்க வேண்டும்.

வரிக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2 கோடி வரை விற்பனை உள்ள சிறு வியாபாரிகள் வருமான வரியில் உத்தேசமாக லாபம் காட்டுகிற திட்டத்தில் போகலாம். ரொக்கமாக வந்த விற்பனைக்கு 8 சதவீதமும், ஜிபே மாதிரி வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். வசதியான ஏற்பாடு. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தொழில் ஓடுகிறதா, தள்ளாடுகிறதா என்று சொல்லவே முடியாது. எனக்கே ஒரு கூலி எழுதிப் பார்த்தால் இந்தத் தொழில் நஷ்டத்தில் ஓடுகிறது. வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ உனக்கு நான் கடன்காரனா?' என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டு நோட்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பதுதான் கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்குமான சலுகையும் போய்விடும். ஏசி போடும் மாதங்களில் 480இல் நிற்பதற்கும் 510க்குப் போவதற்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். சொத்து வரியை ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கிறவர்கள் நோட்டீஸைப் படித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. வீட்டுக்கு எடுக்கிற மாவையும் கிலோ 28 என்று வீட்டு நோட்டில் எழுதி, அந்தக் காசை மாவுத் தொழிலின் காசு டப்பாவில் போடுங்கள். நாத்தனார் வீட்டுக்குப் போகிறது பாருங்கள், அதுவும் வீட்டுக் கணக்குதான். அவரிடம் காசு கேட்கச் சொல்லவில்லை!

சரி, என்ன செய்யப் போகிறேன்? அக்கா கூலியில் கை வைக்க மாட்டேன். அரிசியை மட்டமாக வாங்கினால் இட்லி சொல்லிக் கொடுத்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கும், திரும்பி வருகிற கவர் கூடும். அதனால் மதியத்துக்கு மேல் விற்காத கடைகளுக்கு இப்போதே பாதியாகக் குறைக்கிறேன். விலையை 42 ஆக்குகிறேன். கிலோவுக்கு 2 ரூபாய், மாதம் 2,400. ஒரு கடை அண்ணாச்சி, 'சரி போடும்மா' என்றுவிட்டார். இன்னொருவர் பக்கத்துத் தெரு மாவு 38க்கு வருகிறது என்கிறார். திரும்பி வருகிற கவரில் பாதிக்கு மேல் அவர் கடையிலிருந்துதான் வருகிறது. அவர் தாராளமாக அந்த 38 ரூபாய் மாவையே வாங்கிக்கொள்ளட்டும்.