ரிவ்யூ நாளில் ஒரு நாற்காலி

(மதுரையில் நடந்த உறுப்பு தான நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாவட்ட ஆட்சியர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, சிறுநீரகவியல் துறைத் தலைவர் அவர்களே, இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, எல்லாரையும்விட முதலில் வணங்க வேண்டிய கொடையாளர் குடும்பத்தாரே, வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களுக்கு நன்றி.

2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பிள்ளையின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்தபோது தமிழ்நாடே கலங்கியது, விழித்தது. 2023இல், உறுப்பு தந்தவர் உடலுக்கு அரசு மரியாதை என்று அறிவிப்பு வந்தது. சரி, உறுப்பைப் பெற்றவர் வீடு திரும்பிய பிறகு அவர் மனம் என்ன பாடுபடுகிறது? மருந்து, குடும்பம் என்று இரண்டைச் சொல்லி, ஒன்றைக் கேட்க வந்தேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். சுவரைக் காக்கும் மாத்திரைகளே மனத்தையும் அசைக்கின்றன. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை ஊத வைக்கும், காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். டாக்ரோலிமஸ் என்ற இன்னொரு மாத்திரை சிலருக்குக் கையை நடுங்க வைக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தினால் உடல் புதிய உறுப்பையே எதிர்த்துத் தாக்கும். ஊதிய முகத்தைப் பார்த்து, "நல்லா தேறிட்டியே!" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அவர் யாரிடம் போய் அழுவார்?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், மெக்கானிக். அவருக்குச் சிறுநீரகம் தந்தது அம்மா. ரிவ்யூவில், அதாவது மருத்துவமனையில் திரும்பப் பார்க்கும் நாளில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டில் அம்மாவோடு பேச்சில்லை. அம்மா இடுப்பைப் பிடித்தால் இவருக்கு நெஞ்சு பதறும். ஒருநாள் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்க, இவர் பிடுங்கிக் கத்த, குடம் உருண்டு வாசலெல்லாம் தண்ணீர். தெருவே கூடிவிட்டது. "உன்னைப் பார்த்தாலே கடன்காரன் மாதிரி இருக்கும்மா" என்று உடைந்து அழுதிருக்கிறார். அந்தத் தாய், ஈரச் சேலையோடு அங்கேயே உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? "அடேய், உன்னை நான் வயித்துல சுமந்தேன். இப்ப என்னோடதை நீ அடிவயித்துல சுமக்குற. கணக்கு நேராப் போச்சு, எந்திரிச்சு வந்து சாப்பிடு!"

(கைதட்டல்)

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு தாய் வாய்ப்பாரா? இறந்தவரிடமிருந்து பெற்றவருக்கு, கொடுத்தவர் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "எவர் வீட்டு இழவிலோ நான் பிழைத்தேன்" என்ற எண்ணத்தை அவர் எங்கே இறக்கி வைப்பார்?

ஆட்சியர் அவர்களே, அதனால்தான் எங்கள் சங்கம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. உறுப்பு மாற்று நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், ரிவ்யூ நாளில், இரத்தப் பரிசோதனை அறைக்குப் பக்கத்திலேயே ஒரு மனநல ஆலோசகர் உட்கார வேண்டும். வேறு கட்டடத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பினால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, அவசியம் பயன்படுத்துங்கள். ஆனாலும் முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும். சுவரை எழுப்ப அரசு காப்பீடு தருகிறது. சித்திரத்துக்கும் ஒரு பணியிடம் தாருங்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கொடையாளர் குடும்பத்தார் முதலில் கையெழுத்திடட்டும், அப்புறம் நாம் எல்லாரும் போடுவோம். இன்றே ஆட்சியர் அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.