கொரிந்துக் கற்களுக்கு நடுவே ஒரு பகல்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கிரேக்க நாட்டுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏதென்ஸைப் பற்றி நிறையப் பேர் பேசியிருப்பார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பழைய கொரிந்துவைப் பற்றி நான் சொல்கிறேன். இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் வேதாகமத்தில் இருக்கும் நிருபங்களை, அதாவது கடிதங்களை, எழுதினாரே, அந்தக் கொரிந்து. என்னோடு வந்தது என் அம்மா. நாற்பது வருஷம் வீட்டுத் திண்ணையில் தையல் மெஷினை மிதித்து எங்களை வளர்த்தவர்கள். அன்றைக்கு நான் கண்டதில் பாதி, அம்மா கையைக் காட்டியதால் கண்டதுதான்.

காலையில் வழிகாட்டியோடு பேருந்தில் கிளம்பினோம். முதலில் கொரிந்துக் கால்வாய். பாலத்தின் மேல் நின்று குனிந்தால் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர், அடியில் நீலக் கோடு மாதிரி தண்ணீர். கி.பி. 67இல் ரோம மன்னன் நீரோ இதைத் தோண்டத் தொடங்கினான். அந்த வேலைக்கு 6,000 யூதக் கைதிகளை ரோமத் தளபதி வெஸ்பாசியன் அனுப்பியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். நீரோ இறந்ததும் வேலை நின்றது. கால்வாய் முடிந்தது 1893இல். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கைதிகளின் நினைப்பு ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

பழைய கொரிந்துவில் இறங்கியதும் கண்ணில் படுவது அப்பொல்லோ கோவில் தூண்கள். 38 தூண்கள் இருந்த இடத்தில் இன்று 7 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல். கட்டியது கி.மு. 6ஆம் நூற்றாண்டில், அப்படியானால் பவுல் வந்தபோதே அது பழங்கோவில். சுற்றிலும் இருந்த ஊர்தான் புதுசு. கி.மு. 146இல் ரோமர்கள் கொரிந்துவை அழித்துப் போட்டார்கள். நூறு வருஷம் கழித்து, கி.மு. 44இல், யூலியஸ் சீசர் அதை ரோமக் குடியிருப்பாக மறுபடி எழுப்பினார். குடியேறியவர்களில் நிறையப் பேர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு பக்கமும் இரண்டு கடல், இரண்டு துறைமுகம். பரம்பரைப் பெருமை இல்லாத, உழைத்து முன்னேறத் துடித்த ஊர் அது. நிருபங்களில் 'நான் பெரியவன், நீ பெரியவன்' என்ற சண்டைகளைப் பவுல் ஏன் அத்தனை தடவை கண்டிக்கிறார் என்பது அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

சந்தை வெளியின் நடுவில் உயரமான ஒரு கல்மேடை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் நியாயாசனம் இதுதான் என்கிறார்கள். யூதர்கள் பவுலை இழுத்துக்கொண்டு வந்து ரோம அதிபதி கல்லியோன் முன்னால் நிறுத்தினார்கள். பவுல் வாயைத் திறக்கும் முன்பே, இது உங்கள் வேதப் பிரச்சினை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லியோன் அனுப்பிவிட்டார். இந்தக் கல்லியோன் தத்துவஞானி செனெகாவின் அண்ணன். கிரேக்க நாட்டுத் தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் ரோமப் பேரரசர் கிலவுதியு இராயனுடைய கடிதம் இருக்கிறது. அதில் கல்லியோன் பெயரும் வருகிறது. அதை வைத்துத்தான் அவர் கி.பி. 51, 52 வாக்கில் இங்கே அதிபதியாக இருந்தார் என்று கணக்கிட்டார்கள். பவுலின் வாழ்க்கையில் எந்த வருஷம் எது நடந்தது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்றும் பிடிமானம் அந்த உடைந்த கல்தான்.

வழிகாட்டி இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணோம். தேடிப் போனால், பழைய கடை வரிசைக்கு முன்னால் நிற்கிறார்கள். வரிசையில் ஒரு கடையின் வளைவுக் கூரை மட்டும் இடியாமல் நிற்கிறது, மற்றவை அடிச்சுவர்கள்தான். அம்மா ஒரு கடையின் அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு சின்ன இடத்துலயா கூடாரம் தைச்சாங்க? துணியை விரிக்கவே இடம் பத்தாதே. வாசலை ஒட்டித்தான் உக்காந்திருப்பாங்க. வெளிச்சம் அங்கதானே வரும்."

பவுல் எந்தக் கடையில் உட்கார்ந்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் பண்ணுகிற வேலை செய்தார் என்று வேதம் சொல்கிறது. ஒன்றரை வருஷம் அந்த ஊரில் இருந்தார். பவுலைப் பிரசங்கியாகத்தான் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வெளிச்சத்துக்காக வாசலோரம் நகர்ந்து உட்காரும் தொழிலாளியாக அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பேசியிருப்பார்கள். கை ஓடிக்கொண்டே இருந்திருக்கும், பேச்சும் நடந்திருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படித்தான்.

அங்கேயே சின்னதாக ஓர் அருங்காட்சியகம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். அஸ்கிளேப்பியோஸ் என்ற வைத்தியக் கடவுளின் கோவிலிலிருந்து தோண்டி எடுத்த மண் உருவாரங்கள் அங்கே இருக்கின்றன. கை, கால், காது என்று எந்த உறுப்பு குணமானதோ அதைச் சுடுமண்ணில் செய்து காணிக்கையாக வைத்திருக்கிறார்கள். ஒரு கை, மணிக்கட்டுக்குக் கீழே முழுதாக, விரல்களெல்லாம் நீட்டியபடி. அம்மா தன் வலது கையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வீங்கிப்போன கட்டை விரல் அது.

இந்த உருவாரங்கள் பவுலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. இதே மண்கையை அவர் பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும், "கண்ணானது கையைப்பார்த்து: நீ எனக்கு வேண்டுவதில்லை" என்று சொல்லக்கூடாது என்று இந்த ஊர்ச் சபைக்குத்தானே எழுதினார்? அந்த அலமாரிக்கு முன்னால் அந்த வசனத்தைத் தவிர வேறெதுவும் என் மனதில் வரவில்லை.

அப்புறம் ஏரஸ்துவின் கல். எங்கள் பயணத் திட்டத்தில் அது இல்லை. சீட்டு வாங்கிப் போகும் வளாகத்துக்கு வெளியே, பழைய நாடக அரங்கை ஒட்டிக் கிடக்கிறது. நாங்கள் கேட்டோம், வழிகாட்டி முகம் மலர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டிப்போனார். கல் பாவிய தரை. அதில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் லத்தீன் எழுத்துகள். ஒரு காலத்தில் அந்தப் பள்ளங்களில் வெண்கலம் பதித்திருந்தார்கள். இன்று பள்ளம் மட்டும் இருக்கிறது. 1929இல் கண்டெடுத்தார்கள். தன்னை நகர அதிகாரியாக்கியதற்குக் கைம்மாறாக, ஏரஸ்து தன் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் பாவினான் என்பது அதன் பொருள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் "பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து", அதாவது நகரத்துப் பொருளாளர், வாழ்த்துச் சொல்கிறாரே, அவரா இவர்? அந்த நிருபம் கொரிந்துவிலிருந்து எழுதியது என்பதால் பலர் ஆம் என்கிறார்கள். இரண்டு பதவியும் ஒன்றா, கல் அந்தக் காலத்ததுதானா என்று கேட்டு மறுக்கிறவர்களும் உண்டு. அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த முடிவு இல்லை.

நீங்கள் போனால், பேருந்தில் ஏறும்போதே வழிகாட்டியிடம் அந்தக் கல்லைக் கேட்டு வையுங்கள். முந்தின இரவு இரண்டு கொரிந்தியர் நிருபங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். கெட்டி அடிச் செருப்பு, தொப்பி, தண்ணீர் கட்டாயம். நிழலே கிடையாது.

திரும்பும் வழியில் கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவில் நிறுத்தினார்கள். பவுல் தன் நிருபத்தில் சகோதரி என்று குறிப்பிடும் பெபேயாள் ஊழியம் செய்த ஊர். பழைய துறைமுகத்தின் சுவர்கள் பாதி கரையில், பாதி கடலுக்குள். தெளிந்த தண்ணீரில் அடிக்கல் வரிசை அப்படியே தெரிகிறது. ரோமருக்கு எழுதின நிருபத்தைக் கொண்டுபோனது பெபேயாள்தான் என்று நெடுங்கால நம்பிக்கை.

பேருந்து கிளம்பியதும் அம்மா வேதாகமத்தை எடுத்து ரோமர் 16ஆம் அதிகாரத்தைத் திறந்தார்கள். வெறும் பெயர் வரிசை என்று வீட்டு ஜெபத்தில் நாங்கள் வேகமாகத் தாண்டிவிடும் அதிகாரம். பெபேயாளில் தொடங்கி, ஒவ்வொரு பெயராக, வாய்விட்டு மெதுவாக வாசித்தார்கள். ஏரஸ்து வந்ததும் நிறுத்தினார்கள்.

"நாம பாத்தது இவரு கல்லுதானா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா."

"சரி" என்று விரலை நகர்த்தி, அடுத்த பெயரை வாசித்தார்கள்.

நன்றி, வணக்கம்.