எழுபது கையொப்பங்கள் போதுமா?

நண்பர்களே, வணக்கம். ஒரு பிரகடனத்துக்கு விக்கிப்பீடியாவில் எப்போது தனிக் கட்டுரை வேண்டும் என்பதுதான் பேச்சு.

பிரகடனம் என்பது பிறக்கும்போதே "நான் முக்கியமானவன்" என்று சொல்லிக்கொண்டு பிறப்பது. "இது ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கிய பிரகடனம் ஏதாவது உண்டா? நாள், இடம், கம்பீரமான முன்னுரை, கீழே வரிசையாகக் கையொப்பங்கள். அப்படியே எடுத்து விக்கிப்பீடியாவில் ஒட்டினால் பாதிக் கட்டுரை தயாரானது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2008 ஜூன் 3 அன்று செக் தலைநகர் பிராகில் ஒரு பிரகடனம் வெளியானது. நாசிகளின் குற்றங்களைப் போலவே கம்யூனிச ஆட்சிகளின் குற்றங்களையும் ஐரோப்பா கருத வேண்டும் என்றது. செக் நாட்டின் முன்னாள் அதிபர் வாட்சுலாவ் ஹாவெல் கையொப்பமிட்டவர்களில் ஒருவர். இதை மறுத்து 2012 ஜனவரி 20 அன்று, யூதர்களை அழிக்கும் திட்டம் பேசப்பட்ட வான்சே கூட்டத்தின் 70ஆம் ஆண்டு நிறைவு நாளில், 'எழுபது ஆண்டுகள் பிரகடனம்' வந்தது. கையொப்பமிட்டவர்கள் ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் 70 பேர். இந்த இரண்டாவதற்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

"எழுபது பேர் சாமானியர்களா?" என்று கேட்பீர்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது கலைக்களஞ்சியத்தில் எடுபடாது. கையொப்பமிட்டவரின் புகழ் காகிதத்துக்கு ஒட்டிக்கொள்வதில்லை. பிரகடனத்தின் மூலப்பாடம், அதை வெளியிட்டவர்களின் இணையதளம், கையொப்பமிட்டவர் கொடுத்த பேட்டி எல்லாம் வீட்டு ஆட்களின் சாட்சி. ஒரே செய்தி நிறுவனத்தின் குறிப்பைப் பத்து நாளிதழ்கள் போட்டிருந்தாலும் மூலம் ஒன்றுதான்.

வெளியாள் ஒருவர் உட்கார்ந்து அதை எடைபோட்டு எழுதியிருக்கிறாரா? ஒரு வரலாற்றாய்வாளரின் நூலில் இரண்டு பக்கம், ஓர் ஆய்விதழில் விமர்சனம்? குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதி, என்று நாம் சொல்வது இதைத்தான். திட்டி எழுதியிருந்தாலும் கணக்கில் சேரும். சொல்லப்போனால், பாராட்டைவிடத் திட்டு நல்ல சாட்சி. வேலை மெனக்கெட்டு எவரும் வெறுமையைத் திட்டுவதில்லை.

அப்படிப்பட்ட எழுத்து சொற்பமாக இருந்தால், நீக்குவது மட்டுமே வழியல்ல. முதல் பிரகடனத்தின் கட்டுரையில் ஒரு பகுதியாக இணைத்து, தலைப்பைத் தேடுபவர் நேரே அங்கே போகும்படி வழிமாற்றிவிடலாம். எது மறுக்கப்பட்டது என்று தெரியாமல் மறுப்பு மட்டும் படிப்பவருக்கு விளங்காது என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிராளியின் கட்டுரையில் கடைசிப் பத்தியாகக் கிடக்கும் மறுப்பு, படிப்பவர் கண்ணுக்கு முணுமுணுப்பாகச் சுருங்கிவிடும். இணைப்பதும் நடுநிலையான செயல் என்று தானாகவே ஆகிவிடாது. எத்தனை வரி, எந்த இடத்தில் என்பதை, தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சண்டை போட்டாவது தீர்க்க வேண்டும்.

இன்னொரு பிரகடனம், இதைவிட விசித்திரம். அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்துக்கு ஓராண்டு முன்பே, 1775 மே 20 அன்று, வட கரோலினாவின் மெக்லன்பர்க் மாவட்டம் விடுதலை அறிவித்ததாக ஒரு கதை. அதன் வாசகம் அச்சேறியதே 1819இல்தான். மூல ஏடு 1800இல் தீயில் எரிந்துபோனது, இது நினைவிலிருந்து எழுதியது என்றார்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் இது போலி என்று இன்னொரு முன்னாள் அதிபரான ஜான் ஆடம்சுக்குக் கடிதம் எழுதினார். 1775 மே 31 தேதியிட்ட, இதைவிட மிதமான தீர்மானங்கள் பிறகு பழைய நாளிதழில் கிடைத்தன. அவற்றைத்தான், நடந்ததை நேரில் கண்டதாகச் சொன்ன முதியவர்கள் பிசகி நினைவுகூர்ந்தார்கள் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு.

நடக்கவே இல்லாதிருக்கக்கூடிய ஒன்றுக்குக் கட்டுரையா? தாராளமாக. இருநூறு ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தத் தேதி வட கரோலினாவின் கொடியில் இன்றும் இருக்கிறது. கட்டுரையின் முதல் வரியில் "நடந்ததாகக் கூறப்படும்" என்ற சொற்கள் விடுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.