காதலித்தது அவளையா, மனத்தில் வரைந்த படத்தையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெக்கையைப் பொருட்படுத்தாமல் விசிறியோடு வந்து அமர்ந்திருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

இளைஞர்களின் காதலில் விஞ்சி நிற்பது நேசமா, கற்பனையா என்பது தலைப்பு. கற்பனையே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "பார்த்த நொடியிலேயே மனம் சொல்லிவிடும்" என்றார். சொல்லும், மறுக்கவில்லை. யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதுதான் வழக்கு.

திருப்பரங்குன்றத்துப் பையன் ஒருவன். பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் புத்தகம் படித்துக்கொண்டு வரும் பெண்ணைப் பார்த்தான். பேசியதில்லை, பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவள் அதிர்ந்து பேசாதவள், தன் அம்மாவுக்கு ஏற்ற மருமகள் என்பதெல்லாம் பஸ் பசுமலையைத் தாண்டுவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது! ஒரு நாள் ஓட்டுநர் பழங்காநத்தத்தில் நிறுத்தாமல் பஸ்ஸைக் கொண்டுபோனார். "பெண்களுக்கு டிக்கெட் இல்லையென்றால் ஸ்டாப்பும் இல்லையா?" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. பையனின் காதலும் நின்றது. "அவள் இப்படி மாறுவாள் என்று நினைக்கவில்லை அண்ணே" என்கிறான். அட, மாறியது அவளா? அவள் பால்வாடியிலேயே அப்படித்தான் இருந்திருப்பாள்!

என் பெரியம்மா மகள் காதல் திருமணம் செய்துகொண்டவர். "அத்தானிடம் பிடிக்காதது என்னக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத் தேதியன்றே கைமாற்றுக் கொடுப்பது, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். அதே கேள்வியை அந்த பஸ் பையனிடம், அவன் காதல் நிற்பதற்கு முன்பே கேட்டேன். "ஒன்றுமே இல்லை" என்றான். ஒன்றுமே இல்லையென்றால் ஆளைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

சங்கம் வளர்த்த ஊரில் தொல்காப்பியரை விட்டுவிட முடியுமா? இருவரும் ஒத்த அன்புக்கு உரிய ஐந்து திணைகளை நடுவில் வைத்தவர், ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று ஓரத்தில் நிறுத்தினார். அந்த ஒருதலைக் காதலனின் இயல்பு, "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்". எதிரிலிருந்து பதில் வராது. தானே பேசித் தானே மகிழ்வான். அமெரிக்க உளவியலாளர் டாரதி டென்னாவ் 1979இல் இத்தகைய மயக்கத்துக்கு 'லிமரன்ஸ்' என்று பெயரிட்டு நூல் எழுதினார். கிடைப்பாளோ மாட்டாளோ என்ற ஐயமே அதற்குத் தீனி என்றார். செல்போனில் நீல டிக் விழுந்தும் பதில் வராத இரவுகளை இங்கே சிரிக்கும் தம்பிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மயக்கத்தில்தானே எல்லாம் தொடங்குகிறது என்பார்கள். தொடங்கட்டும், குற்றமில்லை. பிறகு எதிரில் இருப்பவரின் பேச்சு காதில் விழுகிறதா? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அவள் நேருக்கு நேர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், "எப்படியும் மனம் மாறும்" என்று தெருமுனையில் நிற்கிறானே, அவன் யாரை நேசிக்கிறான்?