ஆளில்லாத இடத்தில் வீசும் கை

வணக்கம் நேயர்களே.

என்னிடம் விங் சுன் என்ற தென்சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். சிலர் நேராகக் கேட்பார்கள், சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "மாஸ்டர், எதிரே ஆளே இல்லாம காத்துல கையை நீட்டிக்கிட்டே இருக்கோமே, இது சண்டைக்கு எப்படி உதவும்?" நியாயமான கேள்வி. என் ஆசிரியரிடம் நானும் இதையே கேட்டிருக்கிறேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கராத்தே படித்தவர்களுக்குக் 'கட்டா' தெரிந்திருக்கும். சீனக் கலைகளில் அதற்குத் தாவ்லூ என்று பெயர். தாவ் என்றால் ஒரு தொகுப்பு, லூ என்றால் வழி. தனியாளாக, குறிப்பிட்ட வரிசையில் செய்துமுடிக்கும் அசைவுத் தொடர் அது. நம் ஊர் வகுப்புகளில் 'ஃபார்ம்' என்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஃபார்ம் என்பது ஒரு சண்டையின் ஒத்திகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவன் இப்படி அடித்தால் இப்படித் தடு, அடுத்து அப்படி வந்தால் அப்படித் திருப்பு என்று மனப்பாடம் செய்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தெருவில் கை ஓங்குகிறவன் நம் பாடத்தின் வரிசைப்படியா அடிப்பான்?

விங் சுன்னில் வெறுங்கை ஃபார்ம்கள் மூன்றே மூன்று. முதலாவது சியூ நிம் தாவ். சின்ன எண்ணம் என்று பொருள் கொள்ளலாம். தொடங்கியதிலிருந்து முடியும் வரை இதில் கால் ஓர் அடிகூட எடுத்து வைக்காது. பாதமும் முழங்காலும் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும். ஓர் ஆட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். அந்த நிலைக்குச் சீனத்தில் பெயரே அதுதான். சண்டையில் யாரும் இப்படி நகராமல் நிற்க மாட்டார்கள். பிறகு எதற்கு இந்த நிலை? காலைக் கட்டிப்போட்டுவிட்டால் கவனம் முழுக்கக் கைக்குப் போகும். முதலில் கையைச் சரிசெய், நடப்பதை அடுத்த ஃபார்மில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு இது.

முதல் பகுதியைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்ப்போம். இடக்கை, உள்ளங்கை மேலே பார்க்க, மார்பின் நடுக்கோட்டில் மெள்ள முன்னே போகும். இதன் பெயர் 'தான் சாவ்'. சாவ் என்றால் சீனத்தில் கை. முழங்கை உடம்பிலிருந்து ஒரு முஷ்டி தூரம் வந்ததும் நிற்கும். மணிக்கட்டு ஒரு சுற்று சுற்றும். விரல்கள் நிமிர்ந்து, கை அதே கோட்டில் மார்பை நோக்கித் திரும்பி வரும். அப்புறம் மணிக்கட்டை மடக்கி மறுபடி முன்னே. அது பூக் சாவ். மடக்கிய கை இப்படி மூன்று முறை போய் வரும். இந்தப் பகுதியைப் புத்தருக்கு மூன்று வணக்கம் என்பார்கள். பொறுமையாகச் செய்தால் இதற்கே பத்து நிமிடம் ஆகும்.

பார்க்கிறவருக்கு அங்கே ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. செய்கிறவருக்குத்தான் தெரியும். முதல் நிமிடத்திலேயே தோள் மேலே ஏறும். தோளை இறக்கினால் முழங்கை வெளியே ஓடும். முழங்கையை உள்ளே கொண்டுவந்தால் முஷ்டி இறுகும், மூச்சு நிற்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். உடம்பு முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பழக்கங்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வரிசையாக வந்து நிற்கும்.

இதனால் என்ன பயன் என்பது சி சாவ் பயிற்சியில் தெரியும். இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே கை நுழைந்துவிடும். நான் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்கு வாய்த்த ஜோடி, என்னைவிட வயதில் மூத்த ஓர் அண்ணன். எவ்வளவு முயன்றும் அவர் முஷ்டி என் நெஞ்சில் ஒரே இடத்தில் வந்து பட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன், பலத்தைக் கூட்டினேன். அதே இடத்தில் அதே அடி. ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் இடது முழங்கையில் விரல் வைத்து, "இது ரெண்டு விரற்கடை வெளிய போகுது. வீட்டுக்குப் போய் மூணு வணக்கம் மட்டும் பண்ணு" என்றார். ஒரு மாதம் வேறு எதுவும் செய்யாமல் அதை மட்டும் செய்தேன். மறுபடி அந்த அண்ணனோடு கை உருட்டியபோது, அந்த முஷ்டி கிளம்பி வந்து என் முன்கையில் முட்டி நின்றது. நான் தடுக்கவே இல்லை. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆள் எதிரே வந்துவிட்டால் பயம் வரும், ஜெயிக்க வேண்டும் என்ற அவசரம் வரும். நம் தப்பை வேகத்தால் மூடிவிடுவோம், அது நமக்கே தெரியாது. தனியாக, மெதுவாகச் செய்யும்போது மூடுவதற்குத் துணி கிடையாது. எதிராளி இருக்கும்போது கற்றுக்கொள்ள முடியாத ஒன்றைக் கற்கத்தான் எதிராளி இல்லாத இந்தப் பயிற்சி. சரளி வரிசையைக் கச்சேரியில் யாரும் பாடுவதில்லை. ஆனால் அதைச் சாதகம் பண்ணாத குரல் முதல் கிருதியிலேயே தெரிந்துவிடும், இல்லையா?

ஃபார்முக்கு இன்னொரு வேலையும் உண்டு, கலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது. 1893இல் ஃபோஷானில் பிறந்த இப் மேன், 1949இல் ஹாங்காங் வந்து சேர்ந்து, பிழைப்புக்காக விங் சுன் கற்றுக்கொடுத்தவர். 1972 டிசம்பரில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அவரை 8 மில்லிமீட்டர் கேமராவில் படம் எடுத்தார்கள். நோயில் மெலிந்துபோன அந்த மனிதர் யாரோடும் சண்டை போட்டுக் காட்டவில்லை. சியூ நிம் தாவ் செய்கிறார். அடித்துப் பழகும் மரப்பொம்மையில் செய்யும் தொடரைச் செய்து காட்டுகிறார். தனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு எதை விட்டுப்போக வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. அதை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அந்த முழங்கையை மட்டும் பார்ப்பதற்காக.

எல்லா ஃபார்மும் ஒரே வேலைக்கானவை என்று நினைத்துவிடாதீர்கள். தென்சீனத்து ஹங் கார் முறையில் புலியை அடக்கும் ஃபார்ம் ஒன்று இருக்கிறது. மேலும் கீழும் இரண்டு கிடைக்கோடு, நடுவே ஒரு நெடுக்கோடு கொண்ட ஒரு சீன எழுத்தின் வடிவத்தில் அதன் பாதை போகும். குதிரை மேல் உட்கார்ந்த மாதிரித் தாழ்ந்து நின்றே பெரும்பகுதி நகர வேண்டும். தொடையை உருக்கி வார்ப்பதுதான் அதன் முதல் வேலை. வடக்கே ஷிங்யி என்ற முறையில் ஐந்து முஷ்டிகள், அதாவது ஐந்து வகைக் குத்துகள். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்பப் போய் வர வேண்டியதுதான். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, தாய் சி என்ற சீனக் கலையின் யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவில் ஒரு ஃபார்ம் அமைத்தது. அது பொதுமக்களின் உடல்நலத்துக்காகச் செய்தது. போட்டி மேடைகளில் தாவி, காற்றில் சுழன்று இறங்கும் ஃபார்ம்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவற்றுக்கு வேண்டிய உழைப்பு பெரிது. ஆனால் மதிப்பெண்ணுக்காக அமைத்ததை வைத்துக்கொண்டு சண்டையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சரி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். 1954 ஜனவரியில் மக்காவ்வில் ஒரு மோதல் நடந்தது. ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்காக நிதி திரட்ட நடத்தியது. ஒருபக்கம் தாய் சி ஆசிரியர் வூ கோங்யி, மறுபக்கம் வெண்கொக்கு முறையின் சான் ஹக் ஃபூ. படச்சுருள் இன்றும் இருக்கிறது. அகல அகலமாகக் கை வீச்சு, மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் வெற்றி அறிவிக்கவில்லை. இருவரும் ஆயுள் முழுக்கச் செய்த ஃபார்ம்கள் அந்த வீச்சுகளில் கண்ணுக்குத் தென்படவில்லை. 'பார்த்தீர்களா, ஃபார்ம் வீண்' என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு.

எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. ஃபார்ம் உடம்பைத் தயார் செய்யும். எதிர்க்கிற ஆளோடு மோதிப் பழகுவது அடுத்த வேலை, அதை ஃபார்ம் செய்து தராது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சீனாவின் மிங் வம்ச காலத்துத் தளபதி சீ ஜிகுவாங் 1560 வாக்கில் எழுதிய படைப்பயிற்சி நூலில் வெறுங்கைக்கு 32 நிலைகளைத் தொகுத்திருக்கிறார். கூடவே, பெரிய போருக்கு இது நேரடியாக உதவாது, கைகால்களைப் பழக்கிக் கலைக்குள் நுழைவதற்கான வாசல் என்ற கருத்தையும் சொல்லிவிடுகிறார். கடற்கொள்ளையரோடு நிஜமாகவே போரிட்ட மனிதர் அவர்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விங் சுன்னுக்கு வருவதற்கு முன்பு ஒரு வகுப்பில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பதினோரு ஃபார்ம் கற்றேன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அந்த இரண்டு ஆண்டில் இன்னொரு மனிதரின் கை ஒருமுறைகூட என் கையில் பட்டதில்லை. எத்தனை வரிசை தெரியும் என்பதை வைத்தே அங்கே ஆளை எடைபோட்டார்கள். வெறும் வரிசையை மட்டும் பயின்று உள்ளே உரம் ஏற்றாதவனுக்கு வயதான காலத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று சீனர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அதை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இதை மட்டும் கேளுங்கள்: இந்த அசைவை எதிரே ஆளை வைத்து எப்போது பழக்குவீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு ஃபார்ம் பழகிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். முழுத் தொடரும் வேண்டாம், ஒரே ஓர் அசைவு போதும். கையை அதன் முடிவிடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, முன்கையை உங்கள் மார்பை நோக்கி மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். அம்மாவோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி. அழுத்தம் வந்ததும் முதலில் எது அசைகிறது என்று கவனியுங்கள். தோளா, முழங்கையா, குதிகாலா? அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை தனியாக நின்று அதே அசைவைச் செய்யுங்கள், முன்பைவிட மெதுவாக.

நன்றி, வணக்கம்.