பாட்டு போடுறவரை வரச் சொல்லுப்பா

(காட்சி: கல்யாண மண்டபம். மேடைக்கு இடது பக்கம் ஒரு மேசை, அதன் மேல் மினுங்குகிற கன்ட்ரோலர், பாட்டுகளைக் கலந்து விடுகிற கருவி.)

வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு மண்டபம், சொந்தக்காரப் பையனுக்கு வரவேற்பு. மணி எட்டரை இருக்கும். டிஜே மேசைக்குப் பின்னால் இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் நிற்கிறார். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது திறந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் வயர் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

ஒரு பெரியவர் வந்தார். நேரே பையனிடம் போய், "தம்பி, பழைய பாட்டு ஒண்ணு போடச் சொல்லேன்" என்றார். "அக்காதான் போடுறாங்க அண்ணாச்சி, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று பையன் கையைக் காட்டினான். பெரியவர் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் பையனிடமே, "அது சரி, பாட்டு போடுறவரை வரச் சொல்லுப்பா" என்றார்.

அன்றைக்கு இதே மாதிரி மூன்று பேர் கேட்டார்கள். நான் பந்திக்குப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பேச்சிலும் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு உறுத்தியதே அதுதான்.

சரி, அந்த நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார்?

(காட்சி: குமிழ்களின் மேல் விரல்கள், மிக நெருக்கத்தில்.)

மண்டபத்தில் ஓடுகிற பாட்டு நிமிடத்துக்கு 120 தாள அடி. அடுத்து வர வேண்டியது 126. அந்த அடுத்த பாட்டு ஹெட்போனில் அவருக்கு மட்டும் கேட்கிறது. திறந்த காதில் மண்டபத்துப் பாட்டு. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு, வேகத்தைச் சமப்படுத்தி, அடிமேல் அடி விழுகிற மாதிரி புதுப் பாட்டை உள்ளே விடுகிறார். அதோடு வேலை முடியவில்லை. இரண்டு பாட்டின் பேஸும், அதாவது அடித்தொனியும், சேர்ந்து ஒலித்தால் சத்தம் சேறு மாதிரி கலங்கிவிடும். அதனால் புதியதன் பேஸ் குமிழை முதலிலேயே இறக்கி வைத்திருப்பார். பழையதன் பேஸை எடுக்கிற அதே நொடியில் புதியதைத் திறப்பார். ஆடுகிற பிள்ளைகளுக்குப் பாட்டு மாறியதே தெரியாது, காலில் மட்டும் ஒரு சூடு ஏறியிருக்கும். நையாண்டி மேளத்தில் தவில்காரர் நடையை மாற்றும்போது பம்பை தடுமாறாமல் கூடவே போகிறதே, அந்த மாதிரிக் கைப்பழக்கம் இது.

வேகத்தைத் தானாகவே சமப்படுத்தித் தருகிற சிங்க் பட்டன் இப்போது பெரும்பாலான கன்ட்ரோலர்களில் உண்டு. ஆண் டிஜேக்களும் அதை அழுத்துகிறார்கள். ஆனால் "பட்டனைத்தானே அமுக்குது" என்கிற பேச்சு பெண்ணைப் பார்த்துத்தான் வருகிறது.

பெரிய ஊர்களில் இப்படி இருக்காது என்று நினைப்பீர்கள். வியன்னாவைச் சேர்ந்த டிஜே எலக்ட்ரிக் இண்டிகோ 1998ல் ஃபீமேல் பிரஷர் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பினர் பல நாடுகளின் எலக்ட்ரானிக் இசை விழாக்களில் யார் யார் மேடை ஏறுகிறார்கள் என்று பெயர் பெயராக எண்ணி வெளியிட்டார்கள். 2012ல் பெண் கலைஞர்களின் பங்கு 9.2 சதவீதம். 2019ல் 24.6. ஏழு வருஷத்தில் நல்ல ஏற்றம்தான், ஆனாலும் அப்போதும் நாலில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை. டிஜே மேக் என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1992ல் ஸ்மோக்கின் ஜோ என்ற பெண்ணைச் சிறந்த டிஜேக்களின் வரிசையில் முதலிடத்தில் வைத்தது. 1997 முதல் வாசகர் ஓட்டில் முதல் இடம் முடிவாகிறது. அதன் பிறகு அந்த இடத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை.

பெண்களுக்கு மெஷின் ஒத்துவராது என்பார்கள். இந்த இசையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிபிசி 1958ல் ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலிக்கூடத்தைத் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாஃப்னி ஓரம். அதே கூடத்தில் 1963ல் டீலியா டெர்பிஷையர், மின்சாரத்தில் ஒலியை உருவாக்குகிற சிந்தசைசர் இல்லாத நிலையில், டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி டாக்டர் ஹூ என்ற டிவி தொடரின் முகப்பு இசையை உருவாக்கினார். மெட்டு ரான் கிரெய்னருடையது, அதை ஒலியாக்கியவர் டெர்பிஷையர். திரையில் அவர் பெயர் வந்தது 2013ல். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

நம் நாட்டுக்கு வாருங்கள். 1969ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைந்தது. அங்கே இசை உருவாக்கியவர்களில் கீதா சாராபாய் ஒருவர். பக்கவாஜ் என்கிற வடநாட்டு மத்தளம் வாசித்தவர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தோல் கருவி, மின்கருவி இரண்டிலும் ஒரு பெண்ணின் கை. இதை நம் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தந்தார்களா?

இப்போது நம்ம ஊர்.

தெற்கத்தி ஊர்களில் பெண்ணை மேடை ஏற்றமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018ல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனி, குமரி மாவட்டம் கொட்டாரத்துக்காரர். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் வீசுகோலோடு, சாமி கதையைப் பாடியவர். குடமும் உடுக்கையும் அவருடைய பாட்டுக்குப் பின்னால் போயின. ஊர் விடிய விடிய உட்கார்ந்து கேட்டது. கரகாட்டத்தில் பெண், ஆடல் பாடலில் பெண், கச்சேரி மைக்கில் பெண். எல்லாம் ஏற்றுக்கொண்டோம். அப்புறம் கரண்ட் வந்தது, குழாய் ரேடியோ வந்தது, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வந்தது. எந்தச் சத்தம் எப்போது எழும்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ரேடியோ செட்காரரின் பெஞ்சுக்கு மாறியது. வில்லுக்கு முன்னால் பெண்ணுக்குக் கொடுத்த இடத்தை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நாம் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? அந்தப் பெஞ்சுக்கு யார் எப்படி வந்து சேருகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாளே செட் வந்து இறங்கிவிடும். கூட ஒரு பதினாலு வயசுப் பையன் வருவான். குழாய் கட்ட மரம் ஏறுவான். சாமியை அழைக்கிற குடியழைப்பு ராத்திரி ஸ்பீக்கர் பெட்டி மேலேயே தூங்குவான். நடுராத்திரிச் சாமக் கொடையில் மேளம் உச்சத்துக்குப் போய் மைக் கீச்சிடும்போது, "ஏலே, அந்த ட்ரெபிளக் கொறல" என்று அண்ணாச்சி கத்துவார். எந்தக் குமிழைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவன் கை அப்போது படிக்கிறது. ஒரு சீசனில் நாலு கொடை, மூணு கல்யாணம். பத்தொன்பது வயசில் சொந்தமாக மிக்சர் போடுகிறான். டிஜே ஆகிறான். இதற்குச் சான்றிதழ் கிடையாது, கட்டணம் கிடையாது. அந்தப் பெட்டி மேல் ஒரு பெண் பிள்ளையைத் தூங்க விடுவோமா? விடமாட்டோம். அவள் இருபத்தைந்து வயசில் கன்ட்ரோலர் வாங்கி வரும்போது, "இதுக்கு என்ன அனுபவம் இருக்கு?" என்று கேட்போம்.

நான் அந்த மண்டபத்துப் பெண்ணிடம் கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. "எங்கயும் படிக்கல அக்கா. எங்க அப்பா ரேடியோ செட் வச்சிருந்தாங்க. ஆம்ப்ளிஃபயர் எங்க வீட்டு முன்ரூம்லதான் கெடக்கும். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட அது மேலதான் புத்தகத்த வச்சிருப்பேன்" என்றார். மற்ற பிள்ளைகளுக்குப் பூட்டியிருந்த பட்டறை இவருக்கு வீடாகவே இருந்திருக்கிறது. திறமை இல்லாமல் இந்த இடத்துக்கு வந்துவிட முடியாது. ஆனால் அதே திறமையோடு, அப்படி ஒரு முன்ரூம் இல்லாத பிள்ளைகள் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கூப்பிடுகிற விதத்தையும் அவர் சொன்னார். முதல் போனிலேயே போட்டோ கேட்கிறார்கள், மிக்ஸ் கேட்பதில்லை. என்ன டிரெஸ் போடுவீங்க என்று கேட்கிறார்கள். மகளிர் தினமான மார்ச் 8க்கு மட்டும் நாலு இடத்திலிருந்து அழைப்பு வரும். ஃப்ளெக்ஸில் பெயர் இருக்காது, 'லேடி டிஜே' என்று இருக்கும். பக்கத்திலேயே பையன்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

ராத்திரி வேலை, பாதுகாப்பு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒலி மாசு விதிகள் 2000ன்படி, மூடிய அரங்குகளுக்குள் தவிர, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். ஒரு வரவேற்பு டிஜேயின் வேலையும் பெரும்பாலும் பத்து மணிக்கு முடிகிற வேலைதான். அதற்கு மேல் மிச்சம் இருப்பது பெட்டி ஏற்றுவதும் வீடு போய்ச் சேருவதும். ஃபோட்டோகிராஃபருக்கு வண்டி பேசுகிறோமே, அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்க எவ்வளவு ஆகிவிடும்?

அதனால் கேட்கிறேன். கல்யாணத்துக்கு டிஜே பேசுகிறவர்கள் போட்டோவை விடுங்கள், அரைமணி நேர மிக்ஸ் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கல்லூரி விழா நடத்துகிற பிள்ளைகள், அறையில் பூட்டிக் கிடக்கிற காலேஜ் மிக்சரை வாரம் ஒரு சாயங்காலம் மாணவிகளுக்குத் திறந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரேடியோ செட் வைத்திருக்கிற அண்ணாச்சிமாரே, அடுத்த கொடைக்கு உங்கள் மகளையோ மருமகளையோ மதியக் கொடைக்காவது கூட்டிக்கொண்டு போங்கள். பூஜை முடிந்து மூன்று மணி வாக்கில் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மெஷின் சும்மாதான் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் பெஞ்சில் அவள் உட்காரட்டும். மைக் கீச்சிட்டால் ஓடி வராதீர்கள். எந்தக் குமிழ் என்று அவளே தேடட்டும்.