ஒன்றரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். அயல்நாட்டில் தனியே வாழும் ஒருவருடைய வேலை நாள் எப்படிக் கழிகிறது என்று பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். விருதுநகரிலிருந்து இந்த மொரிசியஸ் தீவுக்கு வந்து எபேன் நகரில் கணக்கராகப் பணிபுரியும் நான், என் நாளை எந்த ஊர்க் கடிகாரத்தைக் கொண்டு சொல்வது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்திய நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தியாசமாகவே தோன்றாது. ஆனால் என் சமையலையும் உறக்கத்தையும் அம்மாவோடு பேசும் பொழுதையும் வகுத்துக் கொடுப்பது அந்த ஒன்றரை மணிதான்.

மும்பையில் பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கிறது. அப்போது இங்கே மணி 7.45. அதற்குள் மேசையில் இருந்தாக வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே எழுந்து, முந்தின இரவு வைத்த குழம்பைச் சூடாக்கி, தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நான் குடியிருக்கும் ரோஸ் ஹில்லின் குளிருக்கு மாவு புளிப்பதில்லை. அந்த நாட்களில் கடை ரொட்டிதான். ஒருவருக்கு மட்டும் சமைப்பது சிக்கனம் என்று சொல்பவர்கள் ஒருவருக்கு மட்டும் சாம்பார் வைத்துப் பார்த்ததில்லை போலும். முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கினால் பாதிக்கு மேல் கீழ்வீட்டுக்குத்தான் போகிறது. அங்கிருக்கும் வீட்டுக்கார அம்மையாரைத் தெருவில் எல்லோரையும் போல நானும் தாந்தின், அதாவது அத்தை, என்றே அழைக்கிறேன். அவருடைய குடும்பப் பெயர் தமிழ், பேச்சு இத்தீவு மொழியான கிரியோல், வெள்ளிக்கிழமை விரதம் மட்டும் என் பாட்டியினுடையதைவிடக் கடுமை.

ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெடுயி வரை 2023-இல் மெட்ரோக் கிளைப்பாதை திறக்கப்பட்டதால் எபேனுக்குப் போவது எளிதாகிவிட்டது. அங்கே எங்கள் அலுவலகம் செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். இந்தியப் பங்குகளில் முதலிடுவதற்காக வெளிநாட்டார் இங்கே பதிவு செய்துள்ள நிதியங்களுக்கு நாங்கள் கணக்கு எழுதுகிறோம். இந்தியாவுக்கும் மொரிசியசுக்கும் இடையே 1982-இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமே அந்தப் பணம் இந்த வழியாகப் போனதற்குப் பெருங்காரணம். 2016-இல் அது திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வாங்கும் பங்குகளை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு, முன்பு இல்லாதபடி, இந்தியாவில் வரி உண்டு என்றானது. ஆகவே எங்கள் பதிவேட்டில் ஒரே நிறுவனத்தின் பங்குகூட, அந்தத் தேதிக்கு முன் வாங்கியது, பின் வாங்கியது என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். வாங்கிய மறுநாளே பணமும் பங்கும் கைமாற வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது முதல், காலையில் வந்த மின்னஞ்சலை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நண்பகலில் சிறிது மூச்சுவிடலாம். தெருவோர வண்டியில் ஒரு சோடி தால் பூரி வாங்கி நின்றபடியே சாப்பிடுகிறேன். சட்டைப்பையிலிருந்து எடுக்கும் இந்நாட்டு நூறு ரூபாய்த் தாளில், இத்தீவின் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் படமும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அலுவலகத்தில் அறிக்கைகள் ஆங்கிலம், உரையாடல் கிரியோல், கோபம் வந்தால் பிரெஞ்சு என்றிருப்பதால், பகலில் என் கண்ணில் படும் தமிழ் பெரும்பாலும் அந்தத் தாளில் உள்ளதுதான்.

மும்பைச் சந்தை மாலை 3.30-க்கு, அதாவது நம்முடைய இரண்டு மணிக்கு, மூடிய பிறகே எங்கள் பரபரப்புத் தொடங்குகிறது. ஒவ்வொரு பங்கின் இறுதி விலையையும் எண்ணிக்கையால் பெருக்கி, டாலருக்கு மாற்றி, கட்டணங்களையும் வரிக்கு ஒதுக்கிய தொகையையும் கழித்து, மிச்சத்தை, முதலீட்டாளர்கள் வைத்திருக்கும் நிதிய அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எண், அதாவது ஓர் அலகின் அன்றைய மதிப்பு, கிடைக்கும். அதை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பெருக்குவதும் வகுப்பதும் கணினியின் பாடு. ஆனால் ஒரு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று என இலவசப் பங்கு வழங்கும் நாளில் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். பதிவேட்டில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்காமல் விட்டால், யாருக்கும் எந்த நட்டமும் நேராதபோதே அந்த முதலீட்டில் பாதி கரைந்துபோனதாகக் கணக்கு காட்டும். இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே.

ஐந்து மணிக்கு நான் வெளியே வரும்போது விருதுநகரில் ஆறரை. அங்கே ஏழு மணிக்கு அம்மாவுக்குத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிவிடும், ஒன்பதரைக்கு அவர் உறங்கிவிடுவார். நான் சமைத்துச் சாப்பிட்டுக் கை கழுவும் நம்முடைய எட்டு மணிக்கு அழைத்தால் அரைத்தூக்கக் குரல்தான் கிடைக்கும். எனவே மெட்ரோவுக்குக் காத்திருக்கும் பொழுதிலும், பயணத்திலும், இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியிலும் பேசி முடிக்கிறேன். மார்கழி இங்கே கோடை என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “ஏய்யா, இங்க விளக்கு வச்சு எம்புட்டு நேரமாச்சு, நீ இன்னும் வெயிலுங்கிற?” என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார். பேசிக்கொண்டே காய்கறியும் வாங்கிவிடுவேன். வியாழக்கிழமைகளில் ரோஸ் ஹில்லில் பல கடைகள் பிற்பகலிலேயே அடைத்துவிடுவதால், அன்றைய இரவுச் சாப்பாடு புதன்கிழமை மிச்சத்தைப் பொறுத்தது.

விடுமுறைகளும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் அமைகின்றன. தைப்பூசக் காவடிக்குத் தீவு முழுவதும் விடுமுறை. மும்பைச் சந்தைக்கு இல்லை. விலைகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் எங்களில் சிலர் முறைவைத்து அலுவலகம் வருகிறோம். பக்கத்து மேசை நண்பர் காவடி எடுப்பவர்; அவருடைய கணக்குகளை அன்று நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரை முதல் நாளில் நிலைமை நேர்மாறு. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் அண்மை ஆண்டுகளில் அங்கே சந்தை மூடியிருக்கிறது, இங்கே வேலை நாள். இறுதி விலை எதுவும் வராத அந்தப் பிற்பகலில் நான் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். காவடி நாளுக்கு ஈடாக என் மேசைக்கு வரும் மின்னஞ்சல்களை நண்பர் கவனித்துக்கொள்கிறார்.

நன்றி, வணக்கம்.